அறிவு அழுததை நம்பலாமா

அன்பு மகள் யசோதராவுக்கு அம்மா ராஜாத்தி எழுதுவது. அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். திருவொற்றியூரில் நாங்களும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், சுகம் என்று எழுத மட்டும் மனம் வரவில்லை. போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மாடி வீட்டுச் சொக்கம்மாளின் மகள், எட்டாவது படிக்கிறவள், போன் சத்தம் கேட்டாலே பதறுவதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். பள்ளிக்கூடப் பையன் என்று சொல்லிப் பழகிய ஒருத்தன், இன்னும் போட்டோ அனுப்பு, இல்லையென்றால் முன்பு அனுப்பியதை எல்லோருக்கும் காட்டுவேன் என்று மிரட்டுகிறானாம். அவள் போனை வாங்கி அந்த நம்பரைப் பார்த்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்ததிலிருந்து நம் வீட்டிலேயே தங்கியிருந்த உன் சித்தப்பா அறிவு, ரீசார்ஜ் பண்ணச் சொல்லி என்னிடமே கொடுத்த இரண்டாவது நம்பர் அது. கேட்டதற்கு அவன் தலைகூடக் குனியவில்லை. நான் இன்னா அண்ணி பண்ணிட்டேன், கையால தொட்டனா, போன்லதான பேசினேன், அதுவுந்தான் சிரிச்சிகினே பதில் போட்டுச்சி என்றான். எனக்கு உன் பேச்சு ஞாபகம் வந்தது. உன் காலேஜ் ஆராய்ச்சிக்காக நீ ஜெயிலில் பேட்டி எடுக்கும், பிள்ளைகளிடம் இப்படி நடந்துகொண்ட ஆட்கள் படிப்பாலும் வயதாலும் வேறு வேறாக இருந்தாலும், தொடவில்லையே, அவளுக்கும் பிடித்திருந்ததே, நெட்டில் நடப்பது நிஜமில்லையே என்று ஒரே மாதிரி சொல்வார்கள் என்றாயே. பாவிகளுக்குச் சாக்குத் தேடித் தருகிற ஆராய்ச்சியோ என்று அப்போது உன்மேலேயே எனக்குச் சந்தேகம். ஆனால் அது காதில் இருந்ததால்தான் அவன் பேச்சில் நான் மயங்கவில்லை. உன் அப்பாவோ, வூட்டு மானம் பூடும், நானே அவனைத் தொரத்திடறேன், போலீசாண்ட போவாதே என்றார். நான் சொக்கம்மாளையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டேன். அவனைக் கைது பண்ணினார்கள், அவன் போனில் வேறு பிள்ளைகளின் படங்களும் இருந்தனவாம். அன்றிலிருந்து உன் அப்பா நான் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது ஜாமீனில் வந்து கவுன்சிலிங் போகிறானாம். இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்று அழுதான். தப்புன்னு புரிஞ்சிகினேன் அண்ணி என்றான். உன் அப்பா கண் கலங்கிவிட்டார். அடுத்து என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பொண்ணும் மொதல்லயே பிளாக் பண்ணிருக்கலாம்ல என்றான். கதவைச் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். இப்படிச் சாக்குச் சொல்கிற நினைப்பைக் கேள்வி கேட்டுக் கேட்டு உடைத்தால் சிலர் மாறுவார்கள் என்கிறாய், மாறட்டும், நான் இன்னும் நம்பவில்லை. அந்த ஜெயில் ஆட்களோடு பேசிவிட்டு வருகிற நாளில் நீ தனியாக இருக்காதே, யாரோடாவது சேர்ந்து சாப்பிடு. மாடிப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறாள், அதனால் முனை வரைக்கும் நான் கூடப் போகிறேன். வருகிறவர்கள் எல்லாம் அறிவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவள் மனசைப் பற்றியும் உங்கள் காலேஜில் யாராவது ஆராய்ச்சி பண்ணுகிறார்களா, மறக்காமல் கேட்டு எழுது.

புத்தரின் கருணை உன்னோடு இருக்கட்டும். ஜெய் பீம்.

உன் அம்மா
சி. ராஜாத்தி