காத்து பிடித்தவனுக்கு

தம்பி,

உன் மேசையில் இருந்த பித்தளைச் சக்கரத்தை உன் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நூலைச் சுற்றி இழுத்துவிட்டால் சாயாமல் நின்று சுழல்கிறது. விமானத்துக்குள்ளும் இந்த மாதிரி ஒன்று இருந்துதான் வழி சொல்லுமாம். அப்பாவுக்குப் பிடித்த சாமான், அத்தை வைத்துக்கொள்ளட்டும் என்றான். அது தள்ளாடி விழும்வரை பார்த்துவிட்டு எடுத்து உள்ளே வைத்தேன்.

உத்தமபாளையத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். எவ்வளவு சிக்கலான விஷயத்தையும் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லுவாக என்று ஒருவர் மைக்கில் உருகினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்த ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள்.

சின்னப் பிள்ளைக்குச் சொன்னாய். பெற்றவளுக்குச் சொன்னாயா?

விமானத்தில் காத்தைக் கண்டுபிடிக்கிற வேலை என்று நீ ஒருதரம் சொன்னதை ஆத்தா பிடித்துக்கொண்டாள். சந்தையெல்லாம் அதையே சொல்லித் திரிந்தாள். நம் பக்கம் காத்து என்றால் பேயும்தானே. நீ லீவில் வந்திருந்தபோது மயிலாடும்பாறையிலிருந்து ஒருத்தி, சோறு தண்ணி இறங்காத மகளைக் கூட்டிக்கொண்டு எலுமிச்சம்பழமும் சூடமுமாக வாசலில் நின்றாள். மகளைப் பிடித்த காத்தை நீ ஓட்ட வேண்டுமாம்.

உன்னோடு வந்திருந்த ஆபீஸ்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். வந்தவள் முன்னாலேயே ஆத்தாவைப் பார்த்து, "ஒன்னய மாதிரி கூமுட்டைய வச்சுக்கிட்டு நான் எங்கன போயி தலை காட்டுறது?" என்றாய்.

அன்று உனக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அப்ப நீ என்ன காத்துடா புடிக்கிற?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது, விடு."

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. மகனுக்கு என்ன வேலை என்று யாராவது விசாரித்தால், என்னமோ பெரிய வேலையாம் என்பாள். சாகும்வரை அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் விடவில்லை. என்ன காத்துடா அது, இப்போதாவது சொல் என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்.

"எக்கா, முல்லையாத்துல நீஞ்சுறோம்ல. எம்புட்டுத் தூரம் போயிருக்கோம்னு தெரியும். நம்ம கையடிச்சது எம்புட்டுன்னும் தெரியும். மிச்சம் ஆறு இழுத்தது. அந்த மிச்சந்தான் காத்து."

உள்ளே இருக்கிற பெட்டி வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், தான் அசைந்த அசைவையெல்லாம் கூட்டிக் கூட்டியே எவ்வளவு வேகத்தில் எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுமாம். விமானம் காற்றைக் கிழிக்கிற வேகத்தை மூக்கில் இருக்கிற குழாய் சொல்லுமாம். குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்றேன். சற்று முன் ஆறு இழுத்த இழுப்பு ஞாபகம் இருக்குமே, போன தூரத்தில் அதைக் கழித்தால் கையடித்தது வந்துவிடும், ஆனால் அதற்குள் ஆறு மாறியிருந்தால் கணக்கு தப்பும் என்றாய்.

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்குகிற நேரம் ஆகவில்லை அதைச் சொல்ல. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

உன் வேலை என்னவென்று யார் கேட்டாலும் இப்போது நான் சொல்லிவிடுவேன். மூணாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது. உன்னை அந்த ஆற்றில் இறக்கி, அடிவயிற்றில் கை கொடுத்து நீச்சல் பழக்கியவள் ஆத்தா. அவளுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும்டா.