தினம் ஒரு மாத்திரை

கோவளம்

அன்பு மகள் ஷீலாவுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்த மஸ்கட் வெயிலில் உனக்கு ஒரு தலைவலிகூட வரக்கூடாது என்று கங்கையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன், அதனால் மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒன்று சொன்னார். இந்த மனச்சிதைவு எனக்கு வந்தது நீ பிறந்த கையோடு, மாதவிலக்கு நின்றதும் ஞாபகமும் கெட்டது, இரண்டுக்கும் ஹார்மோன் குறைவதோடு தொடர்பு இருக்கலாமாம். பழைய மருந்தோடு தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் ஞாபகம் தேறுகிறதா என்று ஆறு மாதம் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு என்றார். அப்பாவுக்குப் பயம். இன்னாத்துக்கு மே இந்த வேலை, இப்ப நல்லாத்தானே கீறே என்றார். நான் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டு நானே கையெழுத்துப் போட்டேன்.

மாதாமாதம் பத்து வார்த்தை படித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதல் தடவை மூன்று சொன்னேன், போன செவ்வாய் எட்டு. என் காதில் கேட்கும் குரல்கள் போய்விட்டதாக நினைக்காதே, அவை இருக்கின்றன, அதற்குப் பழைய மாத்திரைதான். ஆனால் அடுப்பில் பால் வைத்தால் பால் நினைவில் நிற்கிறது. போன வருஷம் எங்கே இறங்குவது என்று மறந்துபோய் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேனே, அதே வழியில் அந்தச் செவ்வாய் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். தெருமுனையில் நின்றிருந்த அப்பா, வந்துட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் மாத்திரை முடிகிறது. அதற்குப் பிறகு இந்தத் தெளிவு நிற்குமா என்று கேட்டேன், தெரியலம்மா, பொய் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. நான் விழுங்கியது எது என்பதும் எல்லோரும் முடித்த பிறகுதான் தெரியுமாம். எனக்கு அது பெரிதில்லை ஷீலா. தெளிந்த பிறகுதான் தெரிகிறது, உன் சின்ன வயசு என்னிடம் இல்லை. உனக்கு யார் தலை பின்னிவிட்டது என்று அப்பாவைக் கேட்டேன். நாந்தான் பின்னுவேன், கோணலாத்தான் வரும், அத்தோடயே இஸ்கூலுக்குப் போவா என்றார். அன்றெல்லாம் நான் அதே வீட்டில்தானே இருந்தேன்.

லீவு கிடைத்தால் மாத்திரை முடிவதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. பலகாரம், சாமான் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீ வளர்ந்த கதையைச் சொல்லு, முடிந்தவரை வைத்துக்கொள்கிறேன்.

நல்ல மனசுக்காரர்கள் நடுவில் நீ நூறு வருஷம் வாழ வேண்டும். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

தன் கையாலேயே எழுதிய
உன் அம்மா
ரேணுகா