வலது சிங்கத்தின் பாதம்

மார்ச் 3, சனி

காலை நடைக்கு இருபத்திரண்டு பேர். மணிக்கூண்டு, தபால் நிலையம், பழைய நீதிமன்றம், இரும்புப் பாலம் என்று வழக்கமான வழிதான். மணிக்கூண்டின் நாலு முகமும் நாலு நேரம் காட்டும். "உங்களுக்கு எது வசதியோ அதை வச்சுக்கோங்க" என்றதும் சிரித்தார்கள். வருஷக்கணக்காக அதே ஜோக், அதே சிரிப்பு. வழிகாட்டிக்கு வேறென்ன வேண்டும்?

நீதிமன்ற வாசலில்தான் சொல்ல வந்தது மறந்துபோனது. ஊருக்கே சுற்றிக் காட்டுகிற கட்டடம். நேற்று வந்த சம்மனிலும் அதே கட்டடத்தின் முகவரி. வெளியே பார்க்கிறவர்களுக்குத்தான் அது பழங்காலச் சின்னம்; உள்ளே இன்றும் குடும்ப வழக்குகள் நடக்கின்றன. எங்கள் மகள் சிட்டு தன்னோடு இருக்க வேண்டும் என்று அவள் அப்பா மனு போட்டிருக்கிறார். பிரிந்து போகும்போது, "கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு வேண்டாம், பேசிக்கலாம்" என்று சொன்ன அதே மனுஷன்.

கூட்டம் காத்திருந்தது. வழக்கமான சிங்கக் கதையைச் சொன்னேன். வாசலின் இரு பக்கமும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். வலது சிங்கத்தின் முன்பாதத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனால் வழக்கு ஜெயிக்கும். எல்லோரும் வரிசையாகத் தொட்டார்கள்.

அது நான் கட்டிவிட்ட கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாள் செருப்பு அறுந்து பின்தங்கிவிட்டார். அவர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வாய்க்கு வந்ததை அளந்தேன். எங்கள் தொழிலில் ஆளுக்கு ஒரு புளுகு உண்டு, அதற்கு மேல் கூடாது. என்னுடையது நன்றாக விளைந்துவிட்டது. வழக்குக்கு வருகிறவர்களே இப்போது தொட்டுவிட்டுத்தான் படியேறுகிறார்கள். வலது பாதம் தங்கமாக மின்னுகிறது. இடது சிங்கத்தைச் சீந்துவார் இல்லை, பச்சை பூத்துக் கிடக்கிறது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அதில்தான் போஜனமே.

மார்ச் 4, ஞாயிறு

சிட்டுவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று சாப்பிடும்போது, "அப்பா வீட்ல எனக்குத் தனி மேஜை வாங்கியிருக்காங்களாம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 10, சனி

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

சனிக்கிழமைகளில் சிட்டுவை விட்டுவிட்டு வர ஆளில்லை. அதனால் என்னோடு நடைக்கு வந்துவிடுவாள். ஒன்பது வயதில் வழியெல்லாம் அத்துப்படி. தபால் நிலையத்தில் பழைய கடிதப் பிரிப்பு அறைகளைக் காட்டிவிட்டு வெளியே வந்ததும் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. நீதிமன்றத்தில் எண்ணினேன், சரி. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெண், "உங்க பொண்ணு எங்கங்க?" என்று கேட்டாள்.

சொந்த ஆட்களை எண்ணக் கூடாது. வழிகாட்டிகள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். கூட வருகிற தோழி, அக்கா, பிள்ளை யாரையும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சீட்டு வாங்கியவர்களில் ஒருவர் தொலைந்தாலும் கணக்கு சரியாகக் காட்டும். அப்படித்தான் எண்ணினேன். கூட்டத்தைப் பாலத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடினேன். சாலையில் வந்த வண்டி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். புறங்கை முழுக்கத் தேதி முத்திரை. "இங்க பாரும்மா, எல்லாம் இன்னைக்குத் தேதி" என்று காட்டினாள். "பயப்படாதீங்கம்மா, முத்திரை விழுந்தது எங்கயும் தொலையாது" என்றார் அவர். நான்தான் அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் போனில் அவரிடம் சொல்கிறாள்: "அப்பா, இன்னைக்கு அம்மா என்னைத் தபால் ஆபீஸ்லயே மறந்துட்டுப் போயிட்டா தெரியுமா?" சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. அவளுக்கு அது ஒரு நல்ல கதை. என் பெண்தானே. போனைப் பிடுங்கலாமா என்று இருந்தது. சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 14, புதன்

நினைத்தது நடந்தது. அவர் தரப்பில் கூடுதல் மனு. என் வக்கீலம்மா படித்துக் காட்டினார்: "தாயார் அந்நியர்களைத் தவறாமல் எண்ணுகிறார். தன் குழந்தையை எண்ணுவதில்லை."

இந்த வழக்கம் அவர் வக்கீலுக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லாமலா? கல்யாணமான புதிதில் என் பின்னாலேயே நடைக்கு வருவான். நான் எண்ணி முடித்ததும், "என்னை விட்டுட்டியே" என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து கையைத் தூக்குவான். எல்லோரும் சிரிப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்.

"இதுக்கு என்னம்மா பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"எங்க தொழில் வழக்கம் அது" என்றேன்.

"அதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க."

மார்ச் 15, வியாழன்

எத்தனை தடவை யோசித்தாலும் அந்த வரியில் பொய் இல்லை.

மார்ச் 26, திங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால், படிக்கட்டில் அவர். கையில் கோப்பு, பக்கத்தில் அவருடைய வக்கீல். மெலிந்துவிட்டார். சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே கிளம்புகிற ஆளே இல்லை. இன்று கசங்கல்.

அவர் முன்னால் கதையைச் சொல்லும்படி ஆகிவிட்டது. குரலை உயர்த்தித்தான் சொன்னேன். தூண், கோபுரம், சிங்கம், பாதம் எல்லாம். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு தொட்டன. அவர் ஒதுங்கி நின்று கேட்டார். செருப்பறுந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்ததே அவர்தான். அப்போது நாங்கள் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. சிங்கக் கதை பச்சைப் பொய் என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, அவர் ஒருத்தர்.

பிள்ளைகள் விலகியதும் அவர் போய் அந்தப் பாதத்தில் கையை வைத்தார். பட்டும் படாமலும் இல்லை, நன்றாக அழுத்தி வைத்தார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. இவ்வளவு தெரிந்த மனுஷனே தொடுகிறார் என்றால், அவருக்கு அவள் எவ்வளவு வேண்டும்? இதுவரை நான் என்னை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேனோ?

ஏப்ரல் 2, திங்கள்

"பொண்ணுகிட்ட நீதிபதி தனியாப் பேசுவாங்க. நீங்க கொஞ்சம் சொல்லி வச்சுடுங்க" என்றார் வக்கீலம்மா. என்ன சொல்லி வைப்பது? கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலவா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளே வந்து உட்கார்ந்தாள். "ஜட்ஜ் கேட்டா நான் என்னம்மா சொல்லணும்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்கூடத்தான் இருப்பேன்னு சொல்லுடி, அழு, அப்பா வீட்டுக்குப் போகமாட்டேன்னு சொல்லு. "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு" என்றேன். எரிந்து விழுகிற குரலில்தான் சொல்ல முடிந்தது. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லது செய்யும்போதுகூட எனக்கு நல்லவிதமாகச் செய்யத் தெரியவில்லை.

ஏப்ரல் 19, வியாழன்

முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாசலுக்கு வந்ததும் சிட்டு என் கையை உதறிவிட்டு ஓடினாள். வலது சிங்கத்தின் பாதத்தைத் தொட்டாள். திரும்பிக் குறுக்கே ஓடிப்போய் இடது சிங்கத்தின் பாதத்தையும் தொட்டாள். கையெல்லாம் பச்சை. பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "விளையாடற நேரமாடி இது?" என்று அதட்டினேன். அவள் படியேறப் போய்விட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் என் கையும் நீண்டது. என் கதை, என் பொய். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். வெட்கமாக இல்லை. பாதம் வெயிலில் சூடாக இருந்தது.

நீதிபதி அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே பெஞ்சின் ஒரு கோடியில் நான், மறு கோடியில் அவர். அந்தக் கூடத்தின் கூரை வளைவைப் பற்றி நான் மணிக்கணக்காகப் பேசுவேன். இன்று அண்ணாந்து பார்க்கவில்லை.

தீர்ப்பு இதுதான்: பள்ளி நாட்களில் சிட்டு அப்பாவோடு. அவர் வீடு பள்ளிக்குப் பக்கம். அவருடைய அக்காவும் அந்த வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வார். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை என்னோடு. தபால் நிலையத்துச் சமாச்சாரத்தை நீதிபதி ஒரே ஒரு தடவைதான் குறிப்பிட்டார். மென்மையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 22, ஞாயிறு

நாளை அப்பா வீட்டுக்குக் கொண்டுபோக அவளுடைய துணிகளை மடித்து வைத்தேன். பாவாடையில் பச்சைக் கறை. துவைக்கவில்லை.

ஏப்ரல் 28, சனி

புது ஏற்பாட்டில் முதல் சனி. நடைக்கு வந்தாள். பாலத்தில் கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்: "அன்னைக்கு ஏன்டி அந்தச் சிங்கத்தையும் தொட்ட?"

"வலது சிங்கத்தை நீயும் தொடுவ, அப்பாவும் தொடுவாங்க. ஒரே சிங்கம் ரெண்டு பேரை எப்படி ஜெயிக்க வைக்கும்? அதான் உனக்கு அது, அப்பாவுக்கு இது."

"ஜட்ஜ் கேட்டதுக்கு என்ன சொன்ன?"

"நான் சிங்கங்ககிட்டயே சொல்லிட்டேன், இனிமே சொல்லமாட்டேன்னு சொன்னேன். பாரும்மா, ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டீங்க. அப்பாவுக்கு அஞ்சு நாள், உனக்கு ரெண்டு நாள். இடது சிங்கத்தை யாருமே தொடுறதில்லைல்ல, அதான் அதுக்குச் சக்தி ஜாஸ்தியா இருந்திருக்கு."

அது பொய்டி, அம்மா கட்டிவிட்ட கதை என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? தான் யாரையும் தோற்கவிடவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். என்னுடையது கையிலேயே உருகிப் போனது.

ஆகஸ்ட் 18, சனி

ரொம்ப நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை மணிக்கூண்டடியில் அவர் கொண்டுவந்து விடுகிறார், ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் கூட்டிப்போகிறார். "இருமல் இருக்கு, மருந்து பையில வச்சிருக்கேன்" என்பார். "சரிங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

இன்று கூட்டத்தில் ஒருத்தர், "இடது பக்கமும் லேசா மின்னுதே, அது எதுக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிட்டு முந்திக்கொண்டாள். "யாரும் தோற்கக் கூடாதுன்னா ரெண்டையும் தொடணும்" என்றாள். சனிதோறும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. எல்லோரும் இடப்பக்கமும் போனார்கள்.

கிளம்பும்முன் எண்ணினேன். இப்போதெல்லாம் அவளிடமிருந்துதான் ஆரம்பிக்கிறேன். தலையைத் தொட்டு, ஒன்று. அப்புறம்தான் மற்றவர்கள். அலுவலகத்தில் கணக்கு ஒன்று கூடுகிறது என்று சிடுசிடுக்கிறார்கள். சிடுசிடுக்கட்டும்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

மணிக்கூண்டில் அவளை விட்டுவிட்டு வீடு திரும்பினேன். கதவைச் சாத்திவிட்டு, பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. அதற்கப்புறம் யாருமில்லை. அந்த ஒன்றும் நான்தான்.