சசிரேகா சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் கூடுதலாகக் கேட்டு

அனுப்புநர்:
மு. சுப்பராயன் (வயது 68),
ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு எழுத்தர்,
புன்னைச்சேரி, ஒரகடம் வழி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: சத்துணவு வேளையில் இரண்டாம் வகுப்பு மாணவி சசிரேகாவுக்குக் கூடுதல் நேரம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரம் வீணாகாதிருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்: (1) குழந்தையின் உடல்நிலை, (2) சாப்பிட ஆகும் நேரம், (3) சமையலர் மீது குறை, (4) வேண்டுகோள்.

1. சசிரேகா என் மகள் வயிற்றுப் பேத்தி. ஏழு வயது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்னும் சதை வீங்கி மூச்சுவழியை அடைத்திருக்கிறது. வாயால்தான் மூச்சு விடுகிறாள். வரும் ஆகஸ்ட் 27 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. சீட்டின் நகல் இணைத்துள்ளேன். வாய் திறந்தே இருப்பதால் மந்தமான பிள்ளை என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தாத்தா சொல்வதை எவ்வளவு ஏற்பது என்பது தங்கள் விருப்பம்.

2. வாயை மூடி மென்றால் அவளுக்கு மூச்சு இல்லை. நாலு முறை மென்று, நிறுத்தி, ஒரு மூச்சு வாங்குகிறாள். பள்ளியில் சாப்பாட்டு நேரம் இருபத்தைந்து நிமிடம். வீட்டில் ஒரு தட்டுச் சாம்பார் சோற்றுக்கு நாற்பத்தைந்து ஆகிறது. மூன்று நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மிகைப்படுத்துகிறேனோ என்ற ஐயத்தில், துணி காயப்போடும் கிளிப்பை என் மூக்கில் மாட்டிக்கொண்டு நானும் அதே அளவு சாப்பிட்டேன். ஐம்பது நிமிடம். இருமுறை புரையேறியது. பேத்திதான் தலையில் தட்டி, "மெல்லமா துன்னு தாத்தா" என்றாள்.

3. சென்ற வியாழனன்று பள்ளி வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். மணி அடித்ததும் சமையலர் திருமதி அம்சவல்லி, "இன்னாடி, மாடு மாதிரி அசை போட்டுகினு கீறே, எயுந்திரு" என்று அதட்டி, பாதிச் சோற்றோடு தட்டை வாங்கிக்கொண்டு போனார். பசித்த குழந்தையை வகுப்புக்கு அனுப்புவது முறையா என அவரிடம் விளக்கம் கேட்க வேண்டுகிறேன்.

4. செப்டம்பர் முடியும்வரை அவளுக்கு மட்டும் இருபது நிமிடம் கூடுதலாக அனுமதிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

கையெழுத்திடும் முன், பிழை இருக்கிறதா என்று இன்று காலை இதைச் சசிரேகாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். "சமையக்கார ஆயாவ மாட்டி வுடுறியா? யாருக்கும் சொல்லாதன்னு சொல்லிகீது தாத்தா!" ஜூன் மாதத்திலிருந்து அந்த அம்மாள் தட்டோடு அவளையும் சமையலறைக்குள் அழைத்துப்போய், கதவைச் சாத்தி, விறகுக் கட்டின்மேல் உட்காரவைத்து, சூடாகச் சாம்பாரும் ஊற்றி, முழுதும் உண்ணவைத்து வகுப்பில் விட்டிருக்கிறார். குழந்தைகளை உள்ளே விடக்கூடாது என்பது விதியாம், அதனால்தான் ரகசியம். நான் தட்டு போனதைப் பார்த்தேன். பின்னாலேயே குழந்தை போனதைப் பார்க்க நிற்கவில்லை.

இம்மனுவின் நகலை நேற்றே ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிட்டதால் இதைக் கிழித்துப்போட வழியில்லை. மறைத்தால் அம்சவல்லி அம்மாள் கொடியவர் ஆகிறார். சொன்னால் விதி மீறியவர் ஆகிறார். ஐயா, அந்த இருபது நிமிடத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவர் கதவைச் சாத்த வேண்டியிருக்காது. மூன்றாவது பத்தி தவறு. தவறு முழுவதும் என்னுடையது.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. சுப்பராயன்

இடம்: புன்னைச்சேரி
நாள்: 22.7.1991