பட்டியலில் இல்லாத கார்டு

மார்ச் 3, செவ்வாய்

பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறன்று மருத்துவமனையின் இரண்டு சர்வர்களிலும் உள்ள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும், பொறுப்பு என்னுடையது என்றார். அந்த மென்பொருளால் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஆறு தனித்தனிக் கணினிகள் போல, ஆறு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, மருந்தகம் எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. முதலில் சோதித்துப் பார்க்க ஓர் உபரி இயந்திரம் கேட்டேன். சிரித்தார்.

"அதெல்லாம் இங்க எங்க இருக்கு? வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் லேப் போடப் போறேன்னு நீங்கதான சொன்னீங்க? அதுல ஒரு தடவ செஞ்சு பாத்துடுங்க."

போன மாதம் டீ குடிக்கும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான்.

துணைத் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது. பதினொரு வருஷமாக இங்கே இருக்கிறேன். எனக்கு அது வேண்டும். இந்த நோட்டிலாவது வெட்கப்படாமல் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

எந்தெந்த வன்பொருள் புதிய பதிப்போடு ஒத்துப்போகும் என்று மென்பொருள் நிறுவனமே ஒரு பட்டியல் வெளியிடுகிறது. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு பார்த்தால் அது சோதனை இல்லை, ஒப்பாரி.

பழைய கணினி விற்பவர் முதலில் காட்டிய இயந்திரத்தின் பிராசஸர் பட்டியலிலிருந்து எப்போதோ தூக்கப்பட்டுவிட்டது. வேண்டாம் என்றேன். இரண்டாவதற்கு நெட்வொர்க் கார்டு சரியில்லை. மூன்றாவது, மருத்துவமனையில் இருக்கும் அதே மாடல். "இதையாவது எடுத்துட்டுப் போங்க அக்கா, நான் கடையைப் பூட்டணும்" என்றார்.

வீட்டில் என் கணவர், "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சியா?" என்று கேட்டார். விசாரிக்காததன் பலனைத்தான் அனுபவிக்கிறேன் என்றேன். லிப்ட் மெக்கானிக்கான அவருக்குக் கோபமே வருவதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 8, ஞாயிறு

இயந்திரத்தை அவர்தான் மாடி ஏற்றினார். இஸ்திரி மேசைக்குக் கீழே இடம். காற்றாடிச் சத்தத்தில் வீடே தொழிற்சாலை ஆகிவிட்டது.

மாடல் பட்டியலில் இருக்கிறது. பிராசஸர், ரேம், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் டிக். பழைய பதிப்பைப் போட்டு, மருத்துவமனையில் இருப்பது போலவே ஆறு கணினிகள் உருவாக்கி, புதிய பதிப்புக்கு மாற்றினேன். ஆறும் எழுந்து வந்தன. சமையலறைக்குப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கையில் கரண்டியோடு முழித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

மாற்றத்துக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். 'அதே மாடலில் சோதிக்கப்பட்டது.' தலைவர், "உங்க வார்த்தைய நம்பித்தான் நோட்டீஸ் ஒட்டறேன்" என்றார். ஞாயிறு காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா வார்டிலும் திரை இருக்காது, காகிதம்தான்.

மார்ச் 14, சனி

தூசி துடைக்க மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

உள்ளே, டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர் கார்டு புத்தம் புதிதாகப் பளபளத்தது. மற்றதெல்லாம் எட்டு வருஷப் பழசு. விற்றவருக்கு போன் செய்தேன்.

"பழைய கார்டு செத்துப் போச்சு அக்கா. அதவிட ஒசத்தியான கார்டுதான் போட்டிருக்கேன். தனியா காசுகூடக் கேக்கலையே!"

அவர் நல்லதுதான் செய்திருக்கிறார். நான்தான் இயந்திரத்தின் மாடலைப் பார்த்தேனே தவிர, கார்டின் எண்ணைப் பார்க்கவில்லை. ஊரில் இருக்கும் பிராசஸரையெல்லாம் குடைந்தவள், இதை மட்டும் மாடலோடு சேர்த்து நம்பிவிட்டேன். அப்படியானால் போன ஞாயிறு நான் சோதித்தது எதை?

மார்ச் 15, ஞாயிறு

மருத்துவமனைக் கார்டின் எண் என்ன? நாளை வரை தெரியாது.

மார்ச் 16, திங்கள்

எட்டு மணிக்கே போய்ப் பார்த்தேன். இரண்டு சர்வர்களிலும் பழைய கார்டு. அந்த எண் பழைய பதிப்பின் பட்டியலில் இருக்கிறது. புதியதில் இல்லை. மூன்று தடவை தேடினேன். எனக்காக முளைத்துவிடுமா?

பட்டியலில் இல்லாமல் எத்தனையோ ஓடுகிறதே — இதுவும் ஓடலாம். ஓடினால் யாருக்கும் தெரியாது. நாற்காலியும் என்னுடையது. ஓடாவிட்டால்? சர்வர் எழும், டிஸ்க் தெரியாது. அவசரப் பிரிவில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்துவார்கள், பழைய முடிவுகளைத் தேடுவார்கள், திரையில் ஒன்றும் இருக்காது.

ராத்திரி வீட்டில் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஆள் ஏறின பிறகு கயித்தைப் பாக்கறவன் மெக்கானிக்கா? நீ அந்தக் கார்டை வாங்கி வீட்டுலயே மாட்டிப் பாரு. ஓடினா வாயை மூடிக்கோ. ஓடலன்னா சொல்லிடு."

மார்ச் 17, செவ்வாய்

நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் அதே ஆள்தான் ஓர் உடைந்த சர்வரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். எண்ணை நானே, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 18, புதன்

விடுப்பு எடுத்தேன். அந்தக் கார்டை மாட்டி, பழைய பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பழைய பதிப்பில் ஆறு கணினிகளும் ஒழுங்காக ஓடின. பிறகு மாற்றினேன். சர்வர் எழுந்தது. டிஸ்க் பட்டியலைத் திறந்தேன்.

காலி.

அணைத்துப் போட்டேன். காலி. கேபிளைக் கழற்றி மாட்டினேன். காலி. தரையில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை. ஓடிவிடாதா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறேன், அந்தக் கேவலத்தை நினைத்து.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"மூணு ஆபரேஷனத் தள்ளி வெச்சிருக்காங்க. மேல நான் என்னன்னு சொல்றது?"

"நான் கார்டைப் பாக்கலன்னு சொல்லுங்க சார்."

விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை அந்த ஒரு வரிச் சோற்றிலா மறைப்பது?

மார்ச் 20, வெள்ளி

நோட்டீஸ்களைக் கிழிக்கிற வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வார்டு வார்டாகப் போனேன். அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் நடுக்கூடத்தில் நிற்க வைத்துவிட்டார். "நாலு பேரோட லீவைக் கேன்சல் பண்ணினேன். என் பொண்ணு பள்ளிக்கூட விழாவுக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப வந்து இல்லங்கறீங்க! உங்களுக்கெல்லாம் வேலை விளையாட்டா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

மாற்றம் நடந்திருக்க வேண்டிய நாள். துணி மடித்தேன்.

மார்ச் 30, திங்கள்

இரண்டு சர்வர்களுக்கும் பட்டியலில் உள்ள கார்டு வாங்க ஒப்புதல் வந்துவிட்டது. துணைத் தலைவர் பதவி பக்கத்து மேசைக்காரருக்கு. நல்ல மனுஷர், என்னைவிட நாலு வருஷம் பிந்தி வந்தவர். கை கொடுத்தேன். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வலிக்கிறது, வேறென்ன.

ஏப்ரல் 4, சனி

புதிய கார்டுகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கட்டுமா என்று புதிய துணைத் தலைவரிடம் கேட்டிருந்தேன். அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். மாற்றினோம். ஆறும் வந்தன. மறுபடி செய்யலாம் என்றேன். மறுபடி செய்தோம். மூன்றாம் தடவை அவரே, "இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றுதான் மாற்றம். சர்வர் அறையில் எனக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வார்டிலும் திரை திரும்பி வந்ததா என்று நின்று பார்த்துச் சொல்ல ஆள் போட்டார்கள். எனக்கு அவசரப் பிரிவு. தலைமை நர்ஸ் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த மகளுக்கு அவர் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர் தெரியவில்லை. "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்து, "எப்ப வரும்?" என்றார். "தெரியல சார்" என்றேன். அதைவிடக் கேவலமான பதிலை வாழ்க்கையில் சொன்னதில்லை.

ஒன்பது ஐம்பதுக்குத் திரை ஒரு தடவை கறுத்து, வெளுத்தது. தலைமை நர்ஸ் பெரியவரின் எண்ணைத் தட்டினார். பெயர், வயது, மாத்திரைகள், போன மாத ரத்தப் பரிசோதனை எல்லாம் வரிசையாக இறங்கின. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் தள்ளுங்க, டாக்டருக்குத் திரை மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன்.