முக்காடு இல்லாமல் போன ஃபைல்

இன்று செம்பூர் ஆபீஸில் ஒரு ஃபைலை இறக்கியதும் என் கை தானாகப் போய் வைஃபையை அணைத்தது. "சேலரி ஸ்லிப்தானே தீதி, எதுக்கு இவ்வளவு பயம்?" என்று பக்கத்துப் பெண் இந்தியில் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அதன்பின் வேலை ஓடவில்லை. உன் நினைப்புதான் ஏட்டி.

தாராவியில் நீ பை தைத்த பட்டறையில் மேஸ்திரி பெண்களிடம் அத்துமீறுவான். அவர்கள் பெயரில்லாமல் எழுதி அனுப்பும் புகார்களை, ஆள் அடையாளத்தை மறைக்கும் பிரவுசர் வழியாக உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்குவோம். திரட்டுவது நீ என்று வெளியே தெரியக்கூடாது. "பிரவுசருக்குத்தான்ட்டி முக்காடு. தொறக்குற ஃபைலு முக்காடு இல்லாமலே வெளிய போயி நிக்கும். நெட்ட அணைச்சிட்டுத் தொற" என்பாய்.

அன்று நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். புதிதாக ஒரு ஃபைல். நெட்டை அணைத்துத்தான் திறந்தேன். தமிழில் இருந்தது. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ வாசிப்பாய், நான் தலையாட்டுவேன். இந்தியில் மாற்றிப் பார்க்கலாமென்று, ஃபைலை மூடாமலே நெட்டைப் போட்டேன்.

அது மேஸ்திரி வைத்த பொறி. நெட் வந்ததும் ஃபைல் உன் இணைப்பின் எண்ணை அவனுக்கு அனுப்பிவிட்டது. அந்த எண் எந்த வீட்டுடையது என்பதை நம் சந்துக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரன், அவனுடைய தோஸ்து, சொல்லிவிட்டான். உன் வேலை போயிற்று. பயந்துபோய் அதன்பின் யாரும் புகார் எழுதவில்லை. மேஸ்திரி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

பெண்கள் என்னைப் பிடித்துக் கேட்டபோது, "அவ அவசரக்காரி, விடுங்க" என்று நீ குறுக்கே வந்தாய். அவசரம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படிக்கத் தெரியாது என்பதைவிட அது கௌரவமாகப் பட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் தமிழ்ப் பேப்பரை நீட்டினாய். "கண்ணு எரியுதுட்டி, நீ வாசி." கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது என்பது உனக்குத் தெரியும். பேப்பரை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாய்.

நீ போனபிறகுதான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அப்போது பென்டிரைவில் எடுத்துவைத்திருந்த அந்த ஃபைலைப் போன மாதம் படித்தேன். புகாரே இல்லை. "துவரம்பருப்பைக் கழுவிக் குக்கரில் போடவும்" என்று தொடங்குகிறது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சாம்பார் செய்முறை. நீ என்றால் முதல் வரியிலேயே மூடியிருப்பாய்.

வெட்கமாக இருக்கிறது ஏட்டி. அந்த வரி இப்போது எனக்கு மனப்பாடம். இன்று நீ இருந்தால் முழுப் பேப்பரும் வாசித்துக் காட்டுவேன்.