பின் சீட்டுக்கு அடியில்

மல்லசமுத்திரம்
11.6.2023

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனில் பேசினால் ஓடுகிற லாரிக்குள் பேசுவது மாதிரி கத்துகிறேன், உன் ஹாஸ்டலே திரும்பிப் பார்க்கிறது என்று நீதானே சொன்னாய். அதனால் இனிமேல் கடுதாசிதான். எட்டாவது படித்தவன் எழுத்து, பார்த்துப் படி.

நேற்று புது கார் எடுக்க சேலம் போனோம். நீ வேலை பார்க்கிற கம்பெனியின் அந்தச் சின்ன வண்டியேதான். மாலை போட்டு, சாவியைக் கையில் கொடுத்து, போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டின கை சும்மா இருக்குமா? கிளம்பும் முன்னால் டயரைக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்க்கிற பழக்கம். ஓரமாகக் கிடந்த கம்பியை எடுத்து ஓங்கி ஒன்று போட்டேன். அது டயரில் பட்டுத் துள்ளிச் சக்கரத்து மூடியில் விழுந்தது. மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளாஸ்டிக்காம்! சாவி கொடுத்த பெண் பதறிப்போய், "சார், இது லாரி இல்லீங்க சார்" என்றது. மொத்த ஷோரூமும் சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க, எம் புள்ள செஞ்ச வண்டிய ஊட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே ஒடச்சுப்போட்டீங்களே!"

நல்ல பிள்ளைகள், வேறு மூடி மாட்டிக் கொடுத்தார்கள்.

உன் அம்மா குஞ்சம்மாள் முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறாள். எதிர் வண்டியெல்லாம் முகத்துக்கு நேராக வருகிறதாம். பின் சீட்டு முழுக்க அவளுடையது. காலைத் தூக்கி மேலே வைத்து, மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு வந்தாள். வண்டியை நீ செய்யவில்லை, செய்ததைப் பார்த்து அனுப்புகிறாய் அவ்வளவுதான் என்று எத்தனையோ சொன்னேன். "பாத்து உடறதும் செய்யறதும் ஒண்ணுதானுங்க" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு சாமி.

உன் அப்பா
காளியப்பன்

-----

பூனா
24.6.2023

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அறைத் தோழிகளுக்கு இந்தியில் சொல்லிக் காட்டினேன். சக்கரத்து மூடி வந்த இடத்தில் கட்டிலிலிருந்து ஒருத்தி விழுந்தாள்.

அம்மா ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார்களோ தெரியாது. என் வேலை இதுதான். பெட்ரோல் டேங்க், அதற்குள் இருக்கிற பம்ப், அதற்குப் போகிற ஒயர், இவற்றில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். நாடு முழுக்க வண்டி வாங்கியவர்கள் கொடுத்த புகார்களை மாவட்ட வாரியாக வாசிப்பார்கள். எந்தப் பகுதியில் புகாரோ, அந்தப் பகுதியைப் பார்க்கிறவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். போன வாரம் நான் நின்றேன். ஆறாம் வகுப்பில் கணக்கு வராமல் பெஞ்சு மேல் நின்றது ஞாபகம் வந்தது.

ஆகவே காளியப்பன் சார், நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஏதாவது எழுதி என்னை எழுப்பி நிற்க வைத்துவிடாதீர்கள்!

அம்மாவைப் படி ஏறும்போது நின்று நின்று ஏறச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது என்று போனில் கேட்டாலே தெரிகிறது.

அன்புடன்
அபிநயா

-----

மல்லசமுத்திரம்
19.11.2023

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலையைக் குஞ்சம்மாள் காருக்குள் உட்கார மட்டும் கட்டுகிறாள். வெளியே கட்டினால் அழுக்காகுமாம்.

வண்டி தங்கமாக ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. நம் பக்கத்துக் காட்டுச் சின்னுசாமியும் என் பேச்சைக் கேட்டு அதே வண்டி வாங்கிவிட்டான். அவன் வண்டியிலும் குறை இல்லை. மெக்கானிக் சமியுல்லா பாய் பட்டறையில் நம் வண்டி நின்றதை யாராவது உனக்குப் போனில் சொல்லியிருந்தால் நம்பாதே. நான் டீ குடிக்கப் போனேன். மூன்று தடவையும் டீக்குத்தான்.

நாங்கள் என்ன பெரிய மனுஷர்களா? வெயிலும் மழையும் படாமல் போக ஒரு கூடு கிடைத்திருக்கிறது. இந்த விலைக்கு இதற்கு மேல் என்ன கேட்பது? லாரியில் நான் வழியில் நிற்காத மாசம் உண்டா? கட்டுக்கம்பியும் கட்டிங் பிளையரும் இருந்தால் காஷ்மீர் வரைக்கும் போவேன்.

நீ யார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டாம். அது என் பொறுப்பு.

உன் அப்பா
காளியப்பன்

-----

பூனா
10.2.2024

அன்புள்ள அப்பா,

ஒரு விஷயம் கேட்க வேண்டும். விளையாட்டில்லாமல் பதில் எழுதுங்கள்.

நம் வண்டி மாடலில் சில வண்டிகள் வெயில் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகின்றன என்று வடக்கிலிருந்து புகார் வந்தது. பிரித்துப் பார்த்தேன். பம்புக்குப் போகிற ஒயர் பிளக்கைப் பிடித்து வைக்க ஒரு கிளிப் வேண்டும். விலை உயர்ந்த வண்டிகளில் அது இருக்கிறது, இதில் இல்லை. சூட்டிலும் குலுக்கலிலும் பிளக் தளர்ந்துபோகிறது. கிளிப் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு டீ விலைகூட வராது.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த விலை வண்டிக்கு இது போதும்" என்கிறார். அதோடு, "சேலம், நாமக்கல் பக்கம் இதைவிட வெயில். அங்கிருந்து ஒரு புகார்கூட இல்லை. வடக்கே ஓட்டத் தெரியவில்லை" என்று முடித்துவிட்டார்.

புகார் வந்தால்தான் இங்கே எதுவும் மாறும் அப்பா. சின்ன வண்டியில் போகிறவர்களுக்கு உயிர் மட்டும் சின்னதா? நம் வண்டியோ, சின்னுசாமி மாமா வண்டியோ ஒரு தடவையாவது நின்றதா?

அபிநயா

-----

மல்லசமுத்திரம்
21.2.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஒன்று புரிந்தது, அவர்கள் உன்னை மாட்டிவிடப் பார்க்கிறார்கள். நீ பார்த்து அனுப்பிய பம்ப் நின்றது என்று உன் அப்பன் வாயாலேயே வாங்கி, உன் தலையில் கட்டப் போகிறார்கள். நீ படித்த பிள்ளை, இது தெரியாது. நான் செக்போஸ்ட் செக்போஸ்டாகப் பார்த்தவன். "என்ன லோடு, என்ன குறை" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு கியரைப் போட வேண்டும்.

அதனால் எழுதிக்கொள். எங்கள் வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை. சின்னுசாமி வண்டியும் நின்றதில்லை. யார் கேட்டாலும் இந்தக் கடுதாசியைக் காட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா சுகம். இரண்டு நாளாக நெஞ்சு கரிக்கிறது என்கிறாள். பஜ்ஜியைக் குறை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா
மு. காளியப்பன், டிரைவர் (ஓய்வு)

-----

பூனா
9.6.2024

அன்புள்ள அப்பா,

அம்மாவின் காரியம் முடிந்து நான் கிளம்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது. இதற்கு முன்னால் நான்கு தடவை "அன்புள்ள அப்பா அம்மா" என்று பழக்கத்தில் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

காலையில் சாப்பிடுகிறீர்களா? சின்னுசாமி மாமா வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை நாய்க்குப் போடுகிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள்.

அந்த கிளிப் விஷயம் முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் பிப்ரவரிக் கூட்டத்தில் நானே வாசித்து, இந்தியில் சொன்னேன். சொந்த அப்பாவின் வண்டியே நிற்கவில்லை என்றால் நான் எதை வைத்துச் சண்டை போடுவது? நான் நினைத்ததுதான் தப்பு போலிருக்கிறது. கோப்பை மூடிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் என்னை அரிக்கிறது. ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி மதியம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம் என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். அரை மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரும் சொன்னார். எந்த கேட்டை இருபத்தைந்து நிமிஷம் மூடி வைப்பார்கள் அப்பா? உள்ளே நெஞ்சுவலிக்காரி கிடக்கிறாள் என்று சொல்லியும் திறக்காத மனுஷன் யார்? எந்த கேட் என்று எழுதுங்கள். அந்த கேட்கீப்பர் மேல் புகார் கொடுக்கப்போகிறேன். விட மாட்டேன்.

அபிநயா

-----

மல்லசமுத்திரம்
25.6.2024

அன்பு மகள் அபிநயாவுக்கு,

அந்த கேட்கீப்பர் மேல் எழுதாதே சாமி. அப்படி ஒரு ஆளே இல்லை. நான் போன வழியில் கேட்டும் இல்லை.

நேற்று நானும் சின்னுசாமியும் சேலம் போய், கம்பெனி சர்வீஸ் சென்டரில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த திங்கட்கிழமை உன் கூட்டத்தில் நாமக்கல் மாவட்டம் என்று வாசிப்பார்கள். அங்கே வைத்துக் கேட்டு நீ எழுந்து நிற்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

எங்கள் வண்டி பன்னிரண்டு தடவை நின்றிருக்கிறது. சின்னுசாமி வண்டி ஆறு தடவை. அவன் போன வருஷமே கம்பெனிக்குப் போன் போடுகிறேன் என்று குதித்தான். "எம் புள்ளய நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்கடா" என்று அவன் போனைப் பிடுங்கி வைத்தவன் நான். நீ விளையாட்டாக எழுதியதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, உன் கையில் இருந்திருக்க வேண்டிய காகிதத்தை நானே கொடுக்காமல் விட்டேன். உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது கண்ணு. நீ நினைத்தது தப்பில்லை.

புகார் எழுதிக்கொண்டது முதல் நாள் சாவி கொடுத்த அதே பெண். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "சார், மூடி உடைச்சீங்களே" என்று சிரித்தது. கடைசியாக நின்ற தேதி கேட்டது. ஏப்ரல் 23 என்றேன். எவ்வளவு நேரம் என்றது. இருபத்தைந்து நிமிஷம் என்றேன். "அதனால உங்களுக்கு என்னங்க சார் பாதிப்பு? என்ன எழுதட்டும்?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சின்னுசாமி வெளியே போய்விட்டான். "லேட்டாயிருச்சுன்னு போடும்மா" என்றேன். அதையே எழுதியது. நீ பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மதியம் இரண்டரை. அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன். அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் வண்டி அணைந்தது. கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தியிருக்கலாம், என் சாதிசனமே லாரிக்காரன்தானே. நிறுத்தினால் உன் வண்டி நின்றுபோனது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பக்கம். எப்பவும் பிடித்த வண்டி இதோ பிடிக்கும், இதோ பிடிக்கும் என்று ஒரு பக்கம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்றேன். சூடு ஆறியதும் அது தானாகவே பிடித்தது. அதற்குள் இருபத்தைந்து நிமிஷம்.

உனக்கு எழுத மனம் வந்தால் எழுது. வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். சாப்பாட்டை நாய்க்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

உன் அப்பா
காளியப்பன்

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன்.

சமியுல்லா பாய் எனக்கு ஒரு வைத்தியம் சொல்லிக் கொடுத்திருந்தார். வண்டி நின்றால் பின் சீட்டைத் தூக்க வேண்டும். அடியில் வட்டமாக ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, அந்த பிளக்கை அழுத்தி விட்டால் உடனே பிடிக்கும். இரண்டு நிமிஷ வேலை. பதினோரு தடவை, அவள் வண்டியில் இல்லாத நேரம், அப்படித்தான் பிடித்தது.

அன்றைக்கு அந்த சீட்டின் மேல் அவள் படுத்திருந்தாள். நீ அனுப்பிய சேலை கட்டியிருந்தாள்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, ரயில்வே கேட்ட மூடியிருக்கான்."

"ரயிலு சத்தமே காணமுங்களே?"

"வரும், வரும்."

"அதான பாத்தேன். புள்ள செஞ்ச வண்டியாச்சே" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு தடவை பின் கதவைத் திறந்தேன். இரண்டு தடவையும், வெளியே தொங்கிய சேலைத் தலைப்பை எடுத்து உள்ளே விட்டுவிட்டு மூடினேன்.

'குஞ்சு, கொஞ்சம் எந்திரி.'

அதை மட்டும் நான் சொல்லவில்லை.